ஆராய்ச்சிக்குப் போட்ட வரிப்பணம் திரும்பியதா? கரும்பை வைத்து ஒரு கணக்கு

முனைவராகாதவன் (இழையைத் தொடங்கியவர்)

அரசு நிதியில் நடக்கும் எங்கள் திட்டம் ஒன்று இந்த ஆண்டு முடிகிறது. நிறைவறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: 'சமூக, பொருளாதாரத் தாக்கம், 200 சொற்களுக்குள்.' வழிகாட்டி அந்தக் கட்டத்தை என் தலையில் கட்டிவிட்டார். மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 'இதனால் விவசாயிகளின் வருமானம் உயரும்' என்ற ஒரே வரி. ஒன்றில்கூட எண் இல்லை.

சரி, பெரிய வெற்றி ஒன்றை எடுத்துக் கணக்குப் போட்டுப் பழகலாம் என்று உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது கோ 0238 என்ற கரும்பு ரகம். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் கர்னால் மண்டல மையத்தில் பக்ஷி ராம் உருவாக்கியது. 2009இல் வெளியானது. பத்தே ஆண்டுகளில் உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் 80 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. 2012-13இல் அந்த மாநில ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானம் (அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு) 9.2% அளவில் இருந்தது. 2019-20இல் 11 விழுக்காட்டுக்கு மேல் போனது.

ஆலைகள் ஒரு பருவத்தில் 10 கோடி டன்னுக்கு மேல் அரைக்கின்றன. கட்டுமானம் 2% கூடினால் 20 லட்சம் டன் சர்க்கரை கூடுதல். 2019இல் அரசு வைத்த குறைந்தபட்ச விற்பனை விலை கிலோ 31 ரூபாய். ஆக, ஆண்டுக்கு 6,200 கோடி. எந்தக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் செலவும் இதற்கு முன் தூசு.

இப்படி எழுதினால் சரியா? எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்.

வரிகட்டுபவன்

ஓட்டை முதல் வரியிலேயே இருக்கிறது தம்பி. வெற்றியைத் தேடி எடுத்துவிட்டு, பிறகு அது வெற்றி என்று கணக்குப் போடுகிறீர்கள். லாட்டரியில் பரிசு விழுந்தவனிடம் போய் 'சீட்டு வாங்கினால் லாபமா?' என்று கேட்பது போல இருக்கிறது.

பழைய கணக்கு

வரிகட்டுபவன் குத்தலாகச் சொன்னாலும் விஷயம் சரி. இந்தத் துறையின் முதல் பெரிய கணக்கே அப்படித்தான் தொடங்கியது. 1958இல் ஸ்வி கிரிலிக்கஸ் என்ற பொருளியலாளர் அமெரிக்காவின் கலப்பின மக்காச்சோள ஆராய்ச்சியை எடுத்து, அதற்குச் செலவான ஒவ்வொரு டாலருக்கும் ஆண்டுக்கு 7 டாலர் சமூகத்துக்குத் திரும்புகிறது என்று காட்டினார். '700 விழுக்காடு' என்று அது உலகம் சுற்றியது. கடந்தகாலச் செலவை எல்லாம் வட்டி சேர்த்து ஒரு தொகையாக்கி, அதற்கு ஆண்டுதோறும் கிடைக்கும் பலனை வகுத்துப் பார்த்த விகிதம் அது. வங்கிப் புத்தகத்தில் போடுவது போன்ற வட்டி விகிதமாகப் பார்த்தால் 35 முதல் 40 விழுக்காடுதான் வரும். இரண்டையும் அவரே அந்தக் கட்டுரையில் தனித்தனியாகக் கொடுத்திருந்தார். தான் எண்ணெய் கிடைத்த கிணற்றை மட்டும் கணக்கில் எடுத்திருக்கிறேன், வறண்ட கிணறுகளையும் சேர்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் வைத்திருந்தார். எச்சரிக்கையை யாரும் படிக்கவில்லை. 700ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

வட்டி விகிதத்திலும் ஒரு சூது உண்டு. 2014இல் ஹர்லி, ராவ், பார்டி என்ற மூவர் வேளாண் ஆராய்ச்சி பற்றிய நூற்றுக்கணக்கான மதிப்பீடுகளைத் திரட்டினார்கள். வழக்கமான முறையில் நடு மதிப்பு 39%. அந்த முறை, வந்த லாபம் ஒவ்வொன்றும் மறுபடி அதே 39 விழுக்காட்டில் முதலீடாகும் என்று மறைமுகமாக வைத்துக்கொள்கிறது. அதைத் திருத்திப் போட்டால் 9.8%. நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள்: 1 ரூபாய் 39 விழுக்காட்டில் 50 ஆண்டு வளர்ந்தால் ஏறத்தாழ 1.4 கோடி ரூபாய். 9.8 விழுக்காட்டில் வளர்ந்தால் 107 ரூபாய். எது நம்பும்படி இருக்கிறது?

9.8 என்பது ஏமாற்றம் தரும் எண் அல்ல, கவனியுங்கள். பணவீக்கம் கழித்த பிறகும் அவ்வளவு தரும் முதலீடு அரசுக்கு எங்கே கிடைக்கும்?

வரிகட்டுபவன்

107 என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கோடிக் கணக்கைக் கேட்டால்தான் கையைப் பர்ஸ் மேல் வைக்கத் தோன்றுகிறது.

பூக்கதிர்

நான் கரும்பு இனப்பெருக்கத்தில் இருப்பவள், எங்கே என்று கேட்காதீர்கள். கோ 0238ஐப் பற்றி இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, அந்த ரகம் யாருடையது என்பது. பெற்றோர் கோலக் 8102, கோ 775. கோலக் என்றால் கோயம்புத்தூர்-லக்னோ. கரும்பு வட இந்தியாவில் சரியாகப் பூத்து விதை கட்டாது, கோயம்புத்தூரில் நன்றாகப் பூக்கும். 1912இல் நிலையத்தை இங்கே அமைத்ததற்கு அதுதான் காரணம். இன்றும் மற்ற மாநிலத்து நிலையங்கள் இங்கே வந்து ஒட்டுச் சேர்த்து (ஒரு ரகத்தின் பூவை இன்னொன்றின் மகரந்தத்தோடு கலந்து), பஞ்சு போன்ற விதையை ஊருக்குக் கொண்டுபோய் முளைக்கவைத்துத் தேர்வு செய்கின்றன. பெயரைப் பார்த்தாலே யார் யாருக்குப் பங்கு என்று தெரியும்: கோசி என்றால் கோயம்புத்தூர்-கடலூர், கோஎஸ் என்றால் கோயம்புத்தூர்-ஷாஜகான்பூர். தென்னாப்பிரிக்காவின் என்கோ 310 நட்டாலில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1945இல் வெளியானது, பல நாடுகளில் பரவியது. அதன் ஒட்டு நடந்தது கோயம்புத்தூரில், கோ 421க்கும் கோ 312க்கும். அதில் வந்த பலனை எந்த நாட்டின் கணக்கில் வரவு வைப்பீர்கள்?

இரண்டாவது, காலம். கோ 86032இல் உள்ள 86 என்பது 1986. அந்த ஆண்டு எண் வாங்கிய ரகம் 2000இல்தான் தீபகற்பப் பகுதிக்கு வெளியானது. 1986க்கு முந்தைய ஒட்டு, நாற்று, தேர்வு எல்லாம் தனி. மூன்றாண்டுத் திட்டத்தின் நிறைவறிக்கையில் அதன் பொருளாதாரத் தாக்கத்தைக் கேட்பது, நாற்று விட்ட மறுநாள் களத்துமேட்டில் மரக்காலோடு போய் நிற்பது போலத்தான்.

கரணைக்காரர்

கள்ளக்குறிச்சிப் பக்கம் நான்கு ஏக்கர் கரும்பு வைத்திருக்கிறேன். எண்பத்தாறு முப்பத்திரண்டு தவிர வேறு ரகம் நான் அதிகம் பார்த்ததில்லை. கணக்கு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. கட்டுமானம் 2% கூடியது என்கிறீர்கள். அந்த 2% யார் வீட்டுக்குப் போனது?

எனக்கு எடையில்தான் காசு. லாரி எடை மேடையில் ஏறும்போது எவ்வளவு டன் என்பதுதான் என் கவலை. ஆலைக்கோ உள்ளே எவ்வளவு சர்க்கரை என்பது கவலை. ஒரே கரும்புக்கு இரண்டு பேர் இரண்டு கண். கட்டுமானத்துக்குத் தகுந்த விலை என்று சட்டத்தில் இருக்கிறது, ஆனால் கட்டுமானத்தை அளந்து சொல்வதும் ஆலைதான். நான் பதிவு வைத்திருந்த ஆலையில் ஒருமுறை வெட்டு உத்தரவு ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. கரும்பு வயலிலேயே காய்ந்து எடை போனது. பணம் வர அடுத்த பருவம் ஆனது. அந்தப் பருவத்தில் ரகம் நன்றாகத்தான் இருந்தது, என் பிழைப்புத்தான் நன்றாக இல்லை.

முனைவராகாதவன்

அண்ணா, இது நான் யோசிக்காத பக்கம். உடனே உத்தரப் பிரதேச விலையைத் தேடிப் பார்த்தேன். அங்கே மாநில அரசு அறிவிக்கும் விலை கட்டுமானத்தோடு சேர்ந்து ஏறுவதில்லை. பொது ரகத்துக்கு குவிண்டால் 315, முன்பருவ ரகத்துக்கு 325. 2017-18இல் வைத்த விலை 2020-21 வரை நான்கு பருவமும் அப்படியே நின்றது. கட்டுமானம் ஏறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்!

ஆனால் எடையும் கூடியது. ஹெக்டேருக்கு 60 டன் சுற்றில் இருந்த மாநில சராசரி 80 டன் அளவுக்கு வந்தது. 20 டன் கூடுதல் என்றால் ஹெக்டேருக்கு 63,000 ரூபாய். ஆக, என் 6,200 கோடியோடு இதையும் கூட்ட வேண்டுமா?

பழைய கணக்கு

கூட்டாதீர்கள்! கூடுதல் கரும்பும் சர்க்கரையாகத்தான் விற்கிறது. கரும்புக்குக் கொடுத்த விலை அந்தச் சர்க்கரை விலைக்குள்ளேயே இருக்கிறது. ஒரே மாட்டைத் தொழுவத்தில் ஒரு முறை, மேய்ச்சலில் ஒரு முறை எண்ணக் கூடாது. கூடுதலாக விளைந்த சர்க்கரையின் மதிப்பு, அதிலிருந்து அதை விளைவிக்க ஆன கூடுதல் உரம், நீர், வெட்டுக்கூலி, அரவைச் செலவு கழித்தால் வருவது மொத்தப் பலன். அதற்குப் பிறகு அந்தப் பலனை ஆலைக்கு இவ்வளவு, விவசாயிக்கு இவ்வளவு, வாங்குபவருக்கு இவ்வளவு என்று பிரிக்கலாம். பிரிப்பது வேறு, கூட்டுவது வேறு.

கரணைக்காரர் கேட்டதற்கு மத்திய அரசின் விலையிலும் பதில் இருக்கிறது. 2017-18இல் ஆலைகள் கரும்புக்குக் கொடுத்தாக வேண்டிய நியாய விலை குவிண்டாலுக்கு 255 ரூபாய், அந்த விலைக்கான அடிப்படைக் கட்டுமானம் 9.5%. அதற்கு மேல் ஒவ்வொரு 0.1க்கும் 2 ரூபாய் 68 காசு. அடுத்த ஆண்டு 275 ரூபாய் என்று அறிவித்தார்கள். 20 ரூபாய் ஏற்றம் என்று செய்தி. ஆனால் அடிப்படையை 10 விழுக்காட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். பழைய முறையிலேயே 10% கரும்புக்கு 268 ரூபாய் 40 காசு கிடைத்திருக்கும். அந்தக் கரும்புக்கு உண்மையான ஏற்றம் 6 ரூபாய் 60 காசு. பிற்பாடு 10.25 ஆக்கினார்கள். நல்ல ரகத்தால் நாடெங்கும் கட்டுமானம் ஏறுகிறது, அடிப்படையும் பின்னாலேயே ஏறுகிறது. வடக்கே நல்ல ரகம் வந்து அடிப்படை ஏறினால், கட்டுமானம் ஏறாத தமிழ்நாட்டு விவசாயிக்கு அது நஷ்டக் கணக்கில்கூட விழலாம்.

கரணைக்காரர்

இதைத்தான் நான் இத்தனை நாளாகச் சொல்லத் தெரியாமல் இருந்தேன் ஐயா.

வரிகட்டுபவன்

பற்றுக் கணக்கில் இன்னும் ஒன்று விட்டுப்போனது. அந்தக் கூடுதல் சர்க்கரை உள்ளூரில் விலை போகவில்லையே? குவிந்து கிடந்ததால் ஏற்றுமதிக்கு மானியம் கொடுத்தார்கள். 2019 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது: 60 லட்சம் டன்னுக்கு, டன்னுக்கு 10,448 ரூபாய், மொத்தம் 6,268 கோடி. தம்பி போட்ட வரவு 6,200 கோடி. பற்று 6,268 கோடி. 68 கோடி நஷ்டம் என்று எழுதிக்கொள்ளுங்கள்!

(தற்செயல்தான், தெரியும். ஆனால் அழகான தற்செயல்.)

பழைய கணக்கு

சிரித்துவிட்டேன். நையாண்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கிலோ 31 ரூபாயில் எல்லாச் சர்க்கரையையும் பெருக்கியது தவறு என்பதை இது காட்டுகிறது. 20 லட்சம் டன் கூடுதலாகச் சந்தைக்கு வந்தால் விலை அதே இடத்தில் நிற்காது. விலை இறங்குவதில் ஒரு பகுதி வாங்குபவருக்கு லாபம். நம் நாட்டில் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்குவது வீடுகள் அல்ல, குளிர்பானம், மிட்டாய், பிஸ்கட் செய்பவர்கள். ஆக, கோயம்புத்தூர் ஆராய்ச்சியின் பலன் சுற்றிச் சுற்றி ஒரு சோடா பாட்டிலில் போய் முடிந்திருக்கவும் கூடும். அதுவும் சமூகப் பலன்தான், கணக்குப்படி.

மானியத்தை ரகத்தின் தலையில் முழுவதும் எழுத முடியாது. தேவைக்கு மேல் விளைந்தும் கரும்பு விலையை இறங்காமல் பிடித்து நிறுத்தியது கொள்கை.

குளிர்நாட்டுக்காரன்

நான் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலையில் இருக்கிறேன். இங்கே இந்தக் கட்டம் ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. 2014இல் நாடு முழுவதும் பல்கலைக்கழக ஆராய்ச்சியைத் தரம் பார்த்தபோது, மதிப்பெண்ணில் 20% வெளியுலகத் தாக்கத்துக்கு என்று ஒதுக்கினார்கள். பல்கலைக்கழகங்கள் 6,975 தாக்கக் கதைகளை எழுதி அனுப்பின. 2021இல் அது 25% ஆனது. அரசு கொடுக்கும் ஆராய்ச்சி நிதி அந்த மதிப்பெண்ணைப் பொறுத்தது என்பதால், கதையை எழுதித் தரவே தனி ஆள் வைக்கிறார்கள். நானும் அப்படி ஒருவனாக இருந்திருக்கிறேன்.

நல்லது என்னவென்றால், ஆய்வாளர்கள் மருத்துவமனைக்கும் ஊராட்சிக்கும் போய், தங்கள் வேலை யாருக்காவது பயன்பட்டதா என்று முதல்முறை விசாரித்தார்கள். கெட்டது வரிகட்டுபவன் சொன்னதுதான். தோற்ற கதை ஒன்றுகூட அனுப்பப்படுவதில்லை. ஆயிரம் வெற்றிக் கதைகளை அடுக்கினாலும், போட்ட மொத்தப் பணத்துக்கு என்ன திரும்பியது என்று அவை சொல்லாது.

பூக்கதிர்

தோற்ற கதைகளைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. 1930களில் இ. கே. ஜானகி அம்மாள் என்ற தாவரவியலாளர் கோயம்புத்தூரில் கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார். மூங்கில் கரும்பு எந்த ஊரிலும் வயலுக்கு வரவில்லை. இன்றைய படிவத்தில் அதற்கு ஒரு பூஜ்யம் விழுந்திருக்கும். ஆனால் கரும்பு எதனோடெல்லாம் சேரும் என்ற அறிவு அப்படித்தான் வந்தது. அதற்கும் முன்னால் இதே நிலையத்தில் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் சர்க்கரையே இல்லாத நாணல் இனத்தை 'வெள்ளை' என்ற நல்ல கரும்போடு சேர்த்தது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத்தான் தெரிந்திருக்கும். அதிலிருந்து கோ 205 வந்து, 1918இல் பஞ்சாபுக்குப் போனது. பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு இனித்தது திருவொற்றியூரில், நாட்டுக்கு நாணல் இனித்தது கோயம்புத்தூரில்.

வரிகட்டுபவன்

அந்தக் காலத்து வெற்றியிலும் எனக்குச் சந்தேகம் உண்டு அக்கா. 1932இல் ஆங்கில அரசு வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் காப்பு வரி போட்டது. ஜாவா சர்க்கரை வரத்து படுத்தது. முப்பது சொச்சமாக இருந்த ஆலைகள் நான்கைந்து ஆண்டுகளில் நூற்றைத் தாண்டின. ஆலைகளை வளர்த்தது ரகமா, வரியா?

பழைய கணக்கு

இரண்டும்தான், பிரிக்கவும் முடியாது. வரி மட்டும் இருந்து ரகம் இல்லாவிட்டால், மெல்லிய நாட்டுக் கரும்பை வைத்து ஆலைகள் விலையை ஏற்றி மக்கள் தலையில் கட்டியிருக்கும். ரகம் மட்டும் இருந்து வரி இல்லாவிட்டால், நல்ல கரும்பு வெல்லமாகவே போயிருக்கும். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டிய கேள்வி 'இது இல்லாதிருந்தால் என்ன நடந்திருக்கும்?' என்பது. நம் தம்பி 2012ஐ எடுத்து 2019ஓடு ஒப்பிட்டார். ஒப்பிட வேண்டியது, கோ 0238 வந்த 2019ஐயும், அது வராமலே போயிருந்தால் இருந்திருக்கக்கூடிய இன்னொரு 2019ஐயும்.

பூக்கதிர்

அந்த இன்னொரு 2019 எப்படி இருந்திருக்கும் என்று என்னால் கொஞ்சம் சொல்ல முடியும். 9.2 விழுக்காட்டிலேயே நின்றிருக்காது. கீழே போயிருக்கும். கரும்பில் எந்த ரகமும் நிரந்தரம் இல்லை. வடக்கே கோ 1148 பல பத்தாண்டு கோலோச்சியது, செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் வந்து விழுந்தது. கோஜே 64 வந்தது, அதற்கும் அதே கதி. பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கும், நாங்கள் அதன் பின்னால் ஓடிக்கொண்டே இருப்போம். எங்கள் வேலையில் பாதி, இருக்கும் விளைச்சல் இறங்காமல் பிடித்து வைப்பது. அது எந்த வரைபடத்திலும் ஏறுமுகக் கோடாகத் தெரியாது. கோடு நேராக இருந்தால் 'ஆராய்ச்சியால் என்ன பயன்?' என்பார்கள். இந்த வகையில் தம்பியின் கணக்கு குறைவான கணக்கு.

இன்னொரு வகையில் அதிகமான கணக்கு. 80 விழுக்காட்டுக்கு மேல் ஒரே ரகம் என்பது வெற்றி அல்ல, பயம். கோ 0238க்கும் செவ்வழுகல் வந்துவிட்டது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டு, புளித்த சாராய வாடை. கரும்பின் புற்றுநோய் என்றுதான் பெயர். நோய் கண்ட கரணையை (நடுவதற்கு வெட்டும் தண்டுத் துண்டை) விதைக்கு எடுத்தால் அடுத்த வயலும் போனது. இப்போது கோ 0118, கோ 15023, கோலக் 14201 என்று மாற்று ரகங்களுக்குப் போகச் சொல்கிறார்கள். நல்ல ஆண்டுகளின் லாபத்தை எழுதியவர், இந்த ஆண்டுகளின் நஷ்டத்தையும் அதே ஏட்டில் எழுத வேண்டும்.

கரணைக்காரர்

இங்கேயும் ஒரே ரகம்தானே அம்மா இருபது ஆண்டாக? அது விழுந்தால்?

பூக்கதிர்

அதுதான் எங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது. கோ 11015 போன்றவை வந்திருக்கின்றன. ஓர் ஏக்கராவது மாற்றிப் போட்டுப் பாருங்கள் அண்ணா. விதைக்கரணையை அடுத்த வயலில் வாங்காதீர்கள், நோயற்ற நாற்றங்கால் கரணையாகப் பார்த்து வாங்குங்கள்.

வரிகட்டுபவன்

எல்லாம் சரி. இழையைத் தொடங்கியவர் தன் திட்டம் என்னவென்று இன்னும் சொல்லவில்லையே?

முனைவராகாதவன்

கேட்டுவிட்டீர்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால்தான் கோ 0238க்குப் பின்னால் ஒளிந்தேன்.

எங்கள் திட்டமும் செவ்வழுகல்தான். சேகரிப்பில் இருந்த 46 வகைகளை எடுத்து, தண்டில் பூஞ்சையைச் செலுத்தி, தாங்குகிறதா என்று மூன்று ஆண்டு பார்த்தோம். முதல் ஆண்டு 9 தாங்கின. இரண்டாம் ஆண்டு புதிதாகச் சேகரித்த பூஞ்சை வகைகளைச் செலுத்தினோம், 3 மிஞ்சின. மூன்றாம் ஆண்டில் அந்த மூன்றும் போயின. ஒன்றும் தேறவில்லை. வழிகாட்டி 'எதிர்காலத்தில் பயன்படும் என்று எழுதி முடி' என்கிறார். இத்தனை பேர் சொன்ன பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை.

வரிகட்டுபவன்

மூன்று வருடச் செலவு எவ்வளவு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நேர்மைக்கு ஒரு சலுகை.

குளிர்நாட்டுக்காரன்

பணமாக எழுத வேண்டாம். யார், எந்த முடிவை, இதனால் மாற்றினார்கள் என்று ஒரு வரி இருந்தால் போதும். ஒருவராவது மாற்றியிருக்கிறாரா?

பூக்கதிர்

முதல் ஆண்டு தாங்கிய 9 எவை? தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

முனைவராகாதவன்

அனுப்பிவிட்டேன் அக்கா.

பூக்கதிர்

பார்த்தேன். அதில் இரண்டு என் ஒட்டுப் பட்டியலில் இருக்கின்றன. நோய் தாங்கும் பெற்றோர் என்று பழைய ஏட்டை நம்பி, இந்தப் பருவத்துக்கு வைத்திருந்தேன். சேர்த்திருந்தால் நாற்று விட்டு, நட்டு, தேர்வு செய்து, விஷயம் தெரியவே நான்கைந்து ஆண்டு ஆகியிருக்கும். இரண்டையும் அடித்துவிட்டேன்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுக் குறிப்புகள் முழுவதும் வேண்டும், எந்த ஊர்ப் பூஞ்சை வகைக்கு எது விழுந்தது என்பதோடு. நவம்பரில் இங்கே பூ வந்துவிடும், அதற்குள் அனுப்புங்கள்.

கரணைக்காரர்

தம்பி, இதை அந்தக் கட்டத்தில் எழுதுங்கள். 200 சொல்கூட வேண்டியிருக்காது.